அம்மா பறக்கப் போவது 7 மணி நேரமா, 4 மணி நேரமா?

கேள்வி: அம்மா முதல்முறையாகத் திருச்சியிலிருந்து தனியாக வருகிறார். டிக்கெட்டில் 14ஆம் தேதி புதன், 00:30க்குப் புறப்பட்டு காலை 7:15க்கு சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட 7 மணி நேரம்! விமானத் தூரம் காட்டும் இணையதளமோ 3 மணி 40 நிமிடம்தான் என்கிறது. எதை நம்புவது? (யீஷூன் வாசகி)

பதில்: இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா விமானத்தில் உட்கார்ந்திருக்கப் போவது நாலேகால் மணி நேரம். டிக்கெட்டில் ஏறும் நேரம் திருச்சிக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதைக் கழித்தால் கணக்கு சரியாகிவிடும். திரும்பிப் போகும்போது இதே கூத்து தலைகீழாக நடக்கும், காலை 10 மணிக்கு இங்கே ஏறினால் 11:45க்கு அங்கே இறங்கியது போலத் தெரியும். 1982க்கு முன்னால் இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான், அந்தப் புத்தாண்டில் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்தது.

சரி, அந்த 3 மணி 40 நிமிடம்? திருச்சிக்கும் சாங்கிக்கும் நேர்கோட்டில் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இணையதளம் அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துச் சொல்லிவிடுகிறது. விமானமோ வகுத்து வைத்த வான்பாதையில்தான் போகும், ஓடுபாதை வரை ஊர்ந்து போகும், சாங்கிக்கு மேலே இறங்க வரிசையில் நின்றாலும் நிற்கும். இதையெல்லாம் சேர்த்துத்தான் விமான நிறுவனம் நேரம் போடுகிறது, அதனால் சில நாள் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும்.

காற்றும் ஒரு காரணம். கிழக்கு நோக்கிப் பறந்தால் சீக்கிரம் போகலாம் என்று பலரும் சொல்வார்கள், நம் பாதையில் எல்லா மாதமும் அது செல்லாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். வானிலை ஆய்வாளர் கோட்டேஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதினார். அந்த மாதங்களில் இங்கே வரும்போது எதிர்காற்று, ஊருக்குப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும்.

நீங்கள் 7:15க்கு வந்து நின்றால் போதும், குடிநுழைவுச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து அம்மா வெளியே வர எப்படியும் நேரமாகும். கிளம்பும் முன் எந்த முனையம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் அந்த 00:30தான், அதாவது செவ்வாய் இரவு 12 மணி தாண்டி அரை மணி நேரம். 14ஆம் தேதி இரவு என்று நினைத்துப் பெட்டியோடு போய் நின்றால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அம்மாவிடம் தேதியே சொல்லாதீர்கள். “செவ்வாய்க்கிழமை ராத்திரி சீக்கிரமாச் சாப்பிட்டுட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் ஏர்போர்ட்டுல இருங்கம்மா” என்று சொல்லுங்கள்.