மெய்க்கீர்த்தியை நம்பலாமா?

கேள்வி: ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை, அவரே வெட்டச் சொன்னது. தன் புகழைத் தானே பாடிக்கொண்டதை வைத்து வரலாறு எழுதுவது சரியா?

பதில்: அப்படியே நம்பச் சொல்லமாட்டேன், தள்ளியும் வைக்காதீர்கள். அந்த மெய்க்கீர்த்தி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போவது. தொடக்கத்தில் போர் வெற்றி என்று 'காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி' மட்டும்தான் இருக்கும் (இதற்கு என்ன பொருள் என்று அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை), அப்புறம் கங்கபாடி, நுளம்பபாடி, ஈழமண்டலம் என்று வென்ற நாடுகளின் பெயர்கள் சேர்ந்து, 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' (மாலத்தீவு என்பார்கள்) வந்துவிடும். கல்வெட்டில் ஆட்சியாண்டும் இருப்பதால், எந்த நாட்டின் பெயர் எந்த ஆண்டில் முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்தாலே படையெடுப்புகளின் வரிசை ஏறக்குறையப் பிடிபட்டுவிடும்.

அடுத்து, தோற்றவன் பக்கத்துக் கல்லையும் தேட வேண்டும். சாளுக்கியர் நாடான இரட்டபாடி ஏழரை இலக்கத்தையும் கொண்டதாக நம் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அதே போரைப் பற்றி வட கர்நாடகத்து ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது: சோழன் 9 லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றான், கடைசியில் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் அவனை விரட்டியடித்தான் என்று. 9 லட்சம் என்பது மிகை, சந்தேகமே வேண்டாம். ஆனால் சோழப்படை அவ்வளவு தூரம் போனது என்பதை எதிரியே ஒப்புக்கொள்கிறான், அங்கே செத்தவர்களைப் பற்றி நம் மெய்க்கீர்த்தியில் ஒரு சொல்கூட இல்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ராஜராஜனைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் படித்தே ஆக வேண்டும்.

அவரை ஒரு மனிதராகப் பார்க்க ஆசையென்றால் தஞ்சைப் பெரிய கோயில் சுவருக்குப் போங்கள். 'நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறார். அக்கன் என்பது குந்தவை. தேவியருக்கும் முன்னால் அக்காவுக்கு இடம்! மற்றவர்கள் கொடுத்ததும் அதே சுவரில் ஏறியிருக்கிறது. 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்கு அவர் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம், அதற்குப் போர்த்திய பொன் இத்தனை கழஞ்சு என்று கணக்கும் உண்டு (பலம், கழஞ்சு இரண்டும் அந்தக் கால எடை அளவுகள்). இதெல்லாம் கோயில் சொத்துக் கணக்கு, பின்னால் வருகிறவர்கள் சரிபார்க்க வேண்டும் என்றே வெட்டியது. அதனால்தான் மெய்க்கீர்த்தியைவிட இந்தக் கணக்கை நான் அதிகம் நம்புகிறேன்.

கேள்வி: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறதாமே?

பதில்: பெயர்கள் இருக்கின்றன. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்கிறது. ஆனால் அது கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை, நில ஆவணம். துரோகிகளுடைய, அவர்களின் உறவினர்களுடைய நிலங்களைப் பறித்ததும் அது கைமாறியதும்தான் விஷயம், கொலை போகிற போக்கில் வருகிறது. ஏன் கொன்றார்கள், தூண்டியது யார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனையோ ராஜராஜனையோ கைகாட்டுகிறவர்கள் அதை இந்தக் கல்லிலிருந்து எடுக்கவில்லை.