60 கிலோ பட்டறைக்கல்லுக்கு எந்தக் கட்டை, எவ்வளவு உயரம்?

கேள்வி: ஏற்காட்டுல நாகலூர் பக்கம் சின்னதா காபித் தோட்டம் வெச்சிருக்கேன். கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொத்து இதையெல்லாம் நானே காய்ச்சி அடிச்சுக்கலாம்னு செவ்வாய்ப்பேட்டையில ஒரு பழைய இரும்புப் பட்டறைக்கல்லு வாங்கிட்டு வந்தேன், 60 கிலோ. தோட்டத்துல வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் துண்டு மேல வெச்சு சுத்தி ஆணி அடிச்சிருக்கேன். ஒவ்வொரு அடிக்கும் கல்லு நகருது, கணீர் கணீர்னு சத்தம் வேற, அரை மணி நேரம் அடிச்சா இடுப்பு விட்டுப் போகுது. காங்கிரீட் போட்டு மொத்தமா பதிச்சிடலாமா? என் உயரம் 5 அடி 8 இஞ்ச்.

பதில்: காங்கிரீட்டை அப்புறம் பாக்கலாம்ங்க, மொதல்ல அந்த சில்வர் ஓக்கை அடுப்புக்கு அனுப்புங்க. காபிக்கு நிழல் குடுக்க, மிளகுக் கொடி ஏத்த அருமையான மரம், சட்டுன்னு வளரும், ஆனா சட்டுன்னு வளர்றதாலயே உள்ளுக்குள்ள லேசு, கல்லோட அடிப்பாகம் கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்குள்ள அமுங்கி ஒரு பக்கம் சாஞ்சுரும், ஆணியும் லூஸாகி மேல வந்துரும். அப்புறம் நீங்க அடிக்கிற அடியில ஒரு பங்கு இரும்புக்குப் போகாம கட்டையை நசுக்கறதுக்கும் கல்லைக் குதிக்க வைக்கறதுக்கும் போயிடுது, அதனாலதான் ரெண்டு அடியில முடியற வேலைக்கு நாலு அடி அடிச்சிட்டு இருக்கீங்க. உங்க கல்லு சின்னது ஒண்ணும் இல்ல. சுத்தியலை விட கல்லு 50 மடங்கு இருந்தாப் போதும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அப்படிப் பாத்தா 1 கிலோ சுத்தியலுக்கு 60 கிலோ தாராளம், ஒண்ணே கால் கிலோவுக்கும் கிட்டத்தட்ட சரியா வரும். ஆனா அந்த 60 கிலோ கீழ இருக்கிற கட்டையோடயும் தரையோடயும் ஒட்டி ஒரே பொருளா நிக்கணும், நடுவுல எங்க இடைவெளி இருந்தாலும் அங்க அடி வீணாகும். ஸ்டாண்டு செய்யறதுல இருக்கிற சூட்சுமம் இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதுக்காகப் பண்றது.

எந்த மரம்னு கேட்டா கண்ணை மூடிட்டு புளின்னு சொல்லுவேன். சந்தேகமா இருந்தா எந்தக் கறிக்கடைக்கு வேணாலும் போய்ப் பாருங்க, வெட்டுக்கட்டை புளியாத்தான் இருக்கும், ஏன்னா நார் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு ஓடறதால வருஷக்கணக்கா கத்தி விழுந்தாலும் பொளக்காது, நமக்கும் அதேதான் வேணும். மலை மேல அந்தக் குளிர்ல புளி கிடைக்காது, கீழ சேலத்துல சா மில்லுல சொல்லி வெச்சு வாங்கணும். ஒன்றரை அடி குறுக்களவு, நாலடி நீளம், நடுவுல பொந்தோ கறையானோ இல்லாத அடிமரத் துண்டாக் கேளுங்க. பச்சையா இருந்தா கிட்டத்தட்ட 200 கிலோ வரும், கார் டிக்கியில போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, குட்டி யானை ஒண்ணு பேசி வெச்சு 20 கொண்டை ஊசி வளைவுலயும் உருளாத மாதிரி ரெண்டு பக்கமும் ஆப்பு வெச்சுக் கட்டி ஏத்துங்க. புளி கிடைக்கலைன்னா வேம்பு பரவாயில்ல, நல்லா முத்தின பலா உங்க பக்கமே கிடைக்கும், அதுவும் ஓடும் ஆனா புளி அளவுக்கு இல்ல. யூகலிப்டஸ் மட்டும் வேண்டாம், கெட்டிதான், ஆனா காயக் காய மேல இருந்து கீழ வரைக்கும் வெடிச்சுட்டுப் போகும்.

இப்ப இடுப்பு வலிக்கு வருவோம், அது முழுக்க உயரப் பிரச்சினை. வேலை செய்யும்போது போடற செருப்பையோ பூட்ஸையோ போட்டுக்கிட்டு நேரா நில்லுங்க, கையைத் தளர்வாத் தொங்கவிட்டு முஷ்டி மடக்குங்க, தரையில இருந்து விரல் முட்டி வரைக்கும் வேற யாரையாவது அளக்கச் சொல்லுங்க (தானே குனிஞ்சு அளந்தா அளவு தப்பா வரும்). உங்க உயரத்துக்கு 75 செமீ பக்கத்துல வரணும். கல்லோட மேல்முகம் அந்த உயரத்துல நிக்கணும். கல்லே 27 செமீ உயரம்னு வெச்சுக்கிட்டா கட்டை தரைக்கு மேல 48 செமீ தெரியணும், மண்ணுக்குள்ள 60 செமீ போகணும், ஆக மொத்தம் 108 செமீ, மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல. நாலடி வாங்கச் சொன்னது ரெண்டு முனையும் சீவி மட்டம் பண்ண இடம் வேணும்கிறதுக்காக.

சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. பதிக்கறதுக்கு முன்னாடி கட்டை இல்லாம, கீழ செங்கல் பலகை எதையாவது ஆடாம அடுக்கி, கல்லு மேல்முகம் நீங்க அளந்த உயரத்துக்கு வர்ற மாதிரி வெச்சுக்கிட்டு, மேல ஒரு மரச்சட்டத்தைப் போட்டு, குனியாம நிமிராம வழக்கமா அடிக்கற மாதிரி பத்து அடி அடிங்க. சுத்தியல் தடம் முழு வட்டமா விழுந்தா உயரம் சரி. உங்க பக்கத்து ஓரம் மட்டும் ஆழமாப் பதிஞ்சிருந்தா கல்லு ஒசரமா இருக்கு, எதிர்ப்பக்க ஓரம் பதிஞ்சிருந்தா தாழ்வா இருக்குன்னு அர்த்தம். ஒசரமா இருந்தா இழைச்சுக்கலாம், தாழ்வாப் போயிட்டா ஒட்டுப் பலகை வெக்கறது எனக்குப் பிடிக்காது, அதனால ஒரு விரல் கனம் ஒசரமாவே வெச்சு ஆரம்பிங்க.

ஊர்ல வயசான ஆசாரி யாராவது வந்து பாத்தா இவ்வளவு ஒசரமா எதுக்குப்பா, முழங்காலுக்குக் கீழ வைன்னு சொல்லுவார். அவர் சொல்றதும் தப்பில்லைங்க, அவர் உக்காந்துக்கிட்டு குறடு பிடிச்சு சின்னச் சுத்தியல்ல இடம் காட்டுவார், எதிர்ல நிக்கறவர் சம்மட்டி போடுவார், அந்த வேலைக்குக் கல்லு தரையோட தரையா இருந்தாத்தான் சம்மட்டி முழு வீச்சு வரும். நீங்க தனி ஆளா நின்னு அடிக்கறீங்க. எப்பவாவது பெரிய பாறைக் கடப்பாரையைக் கூர் போட ஆள் வெச்சு சம்மட்டி அடிக்கணும்னா விரல் முட்டி உயரத்துல இருந்து ரெண்டு இஞ்ச் குறைச்சுக்கறது ரெண்டு வேலைக்கும் பொதுவா இருக்கும்.

கட்டை வந்ததும் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உருக்கின மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ அடிச்சு விட்டுருங்க, ஈரம் முனை வழியா வேகமா வெளிய போறதாலதான் மரம் வெடிக்குது. மேல ஒரு இரும்புப் பட்டா, தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல இன்னொரு பட்டா போடணும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு ஏத்தற மாதிரி பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி இறக்கி தண்ணி ஊத்தி இறுக்கறது பாக்க அழகுதான், காய்ஞ்ச கட்டையா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன், ஒன்றரை அடிக் கட்டையோட சுத்தளவு 1.4 மீட்டர் கிட்ட வரும், வளையத்தோட உள்சுத்தை அதை விட 6, 7 மில்லி குறைச்சு செஞ்சாப் போதும், செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது 10 மில்லிக்கு மேல விரியும். ஆனா பச்சைக் கட்டை ஒரு வருஷத்துல சுருங்கும், அப்ப அந்த வளையம் கழண்டு கீழ விழுந்துரும், அதனால 40க்கு 6 மில்லி இரும்புப் பிளாட்டை ரெண்டு அரைவட்டமா வளைச்சு ரெண்டு பக்கமும் போல்ட் போட்டுருங்க, லூஸாக லூஸாக ஸ்பேனர் போட்டு இறுக்கிக்கலாம்.

குழி ரெண்டடி ஆழத்துக்கு மேல ஒரு சாண் கூடுதலா எடுத்து அடியில ஜல்லி போடுங்க, தண்ணி தேங்காம இறங்கிப் போகட்டும். மண்ணுக்குள்ள போற பாகத்துக்கு தார் அடிங்க, ஏற்காட்டு மழைக்கும் கறையானுக்கும் அது இல்லாம முடியாது. கட்டையை இறக்கினதும் ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு, சுத்தி ஜல்லியும் மண்ணும் கலந்து அரை அடி அரை அடியாப் போட்டுக் கடப்பாரை முனையால இடிச்சு இடிச்சு இறுக்கணும். ஒரே மூச்சுல மண்ணைத் தள்ளி மூடினா ஒரு மாசத்துல ஆட ஆரம்பிச்சுரும். நீங்க கேட்ட காங்கிரீட்டை இங்க கட்டையைச் சுத்தி ஊத்திடாதீங்க, மரத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவுல தண்ணி நின்னு கட்டை உள்ளேயே மக்கும். வெறும் காங்கிரீட் திண்டு கட்டி அது மேல நேரடியா கல்லை வெக்கறதும் வேண்டாம், தினமும் அடி வாங்கற காங்கிரீட் கல்லு முனைக்குக் கீழ பொடிஞ்சு பொடிஞ்சு போகும், வெச்சே ஆகணும்னா நடுவுல ரெண்டு இஞ்ச் கனத்துல கெட்டி மரப்பலகை குடுங்க.

கல்லைக் கட்டையோட பிணைக்கறதுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. கட்டையை நிக்க வெச்சதால மேல இருக்கறது வெட்டு முனை, அதுல ஆணி அடிச்சாலும் ஸ்க்ரூ போட்டாலும் நாரோட போக்குலயே இறங்கும், பிடிப்பு கம்மி, அதான் உங்க ஆணி மேல வருது. பிளாட் துண்டை கல்லோட பாதம் மேல ஏறி, கட்டை ஓரத்துல மடங்கி, பக்கவாட்டுல ஒரு சாண் கீழ இறங்கற மாதிரி வளைச்சு, நாலு மூலைக்கும் நாலு, ஸ்பேனர்ல திருப்பற தலை வெச்ச அரை இஞ்ச் ஸ்க்ரூவால பக்கவாட்டுல பிடிங்க, அங்க நாருக்குக் குறுக்க இறங்கறதால கழட்டவே பாடுபடணும். கல்லுக்கு அடியில மெல்லிசா சிலிக்கான் சீலன்ட் ஒரு பூச்சு பூசிட்டு உக்கார வெச்சீங்கன்னா மேடு பள்ளம் நிரம்பி பாதிச் சத்தம் அடங்கிரும். மீதிக்கு கல்லு இடுப்புல ஒரு சங்கிலி சுத்தி டர்ன்பக்கிள் (திருகித் திருகி இறுக்கற கொக்கி) போட்டு இறுக்குங்க, இல்லைன்னா பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை கல்லோட வால் பக்கத்து (கூம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கற கொம்புக்கு எதிர்ப்பக்கம்) அடியில ஒட்டுங்க. டயர் ரப்பரைக் கீழ போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, சத்தம் குறையும், கூடவே கல்லு எகிறும். டீசல், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் கட்டைக்கு மேல தடவற பழக்கமும் வேண்டாம், பழுத்த இரும்புல இருந்து சிவந்த செதில் உதிர்ந்து விழற இடம் அது.

உங்க மலையில ஒரு சிக்கல் இருக்கு. செம்மண்ணை ஒரு அடி தோண்டினதும் சார்னோகைட்ங்கிற கெட்டிப் பாறை வந்து நின்னா என்ன பண்றது? வெடி வைக்கவா முடியும். அப்படின்னா பதிக்கறதை விட்டுட்டு மணல் பெட்டிக்கு வாங்க, வாடகை ஷெட்ல இருக்கறவங்களுக்கும் நான் இதைத்தான் சொல்றது. 5 மில்லி தகடுல 35க்கு 40 செமீ, 50 செமீ உயரத்துல அடி மூடின பெட்டி ஒண்ணு வெல்டிங் போட்டுக்குங்க, அடியில மூணு குட்டிக் கால், நாலு வேண்டாம், மூணு கால்னா எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது. உள்ள நல்லாக் காய்ஞ்ச எம்-சாண்ட் கொட்டி இடிச்சு இறுக்கி, அது மேல பெட்டிக்குள்ள லேசா இறங்கற அளவுக்குக் கனமான பலகை, அது மேல கல்லு. மணல் மட்டும் 90 கிலோ கிட்ட வரும், கல்லு, தகடு எல்லாம் சேந்தா 150 கிலோவைத் தாண்டிரும், நகராது. சத்தத்துல புளியங்கட்டையை விட இதுதான் அமைதி, உயரம் மாத்தணும்னா ரெண்டு சட்டி மணலைப் போட்டோ எடுத்தோ சரி பண்ணிக்கலாம். குறைன்னு சொன்னா மணல் ஈரமாயிட்டா உள்ள துரு பிடிக்கும், அதனால மழைத்தண்ணி படாத இடமாப் பாருங்க.

இன்னும் கல்லே வாங்காதவங்க தண்டவாளத் துண்டு போதுமான்னு கேப்பாங்க, அதையும் சேத்தே சொல்லிடறேன். நம்ம ரயில்வேயில மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோன்னு ரெண்டு ரகம் பரவலா இருக்கு, ரெண்டடித் துண்டே 30 கிலோவுக்கு மேல வரும், ஆனா படுக்க வெச்சு அடிக்காம செங்குத்தா நிறுத்திப் பதிங்க, அப்பதான் அடிக்கு நேர் கீழ மொத்த எடையும் இருக்கும். ஏலத்துல எடுத்த பில்லு இருக்கிற வியாபாரிகிட்ட மட்டும் வாங்குங்க, கணக்கில்லாத ரயில்வே பொருளைக் கையில வெச்சிருக்கறதே 1966ஆம் வருஷச் சட்டப்படி குத்தம். இரும்பாலையில கட்டி கிட்டி கிடைக்குமான்னும் சேலத்துல ஒரு கேள்வி வரும், அங்க ஓடறது ஸ்டெயின்லெஸ் தகடு, நம்ம வேலைக்கு ஆகாது.

நிறுத்தற இடம் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம். உலையில இருந்து ஒரு எட்டு வெச்சுத் திரும்பினா கல்லு இருக்கணும், வலது கைக்காரர்னா கொம்பு இடது பக்கம் பாக்கட்டும், நேர் வெயில் கல்லு மேல விழாம இருக்கட்டும், வெளிச்சம் ஜாஸ்தியானா இரும்போட நிறம் தெரியாம சூடு தப்பிப் போகும்.

மொதல் வருஷம் மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பட்டா போல்ட், பக்கத்து ஸ்க்ரூ, சங்கிலி மூணையும் ஒரு சுத்து இறுக்குங்க, ஐப்பசி மழை முடிஞ்சு வெயில் ஏறும்போது கட்டாயம், அப்பதான் கட்டை அதிகமாச் சுருங்கும். பனி இறங்கற மாசத்துல வேலை முடிஞ்சதும் கல்லு முகத்துல எண்ணெய்த் துணியால ஒரு தடவை தடவி, துணியை உலைப் பக்கம் போடாம எடுத்து வெச்சுருங்க.