ஐப்பசியில் பச்சையாகும் மலை

அன்புள்ள அண்ணா,
கனடாவில் இருக்கும் சித்தப்பா மகள் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மேப்பிள் மரங்களைப் படமெடுத்து அனுப்புவாள். இங்கே வருடம் முழுக்க ஒரே பச்சை. பருவம் மாறுவதை ரசிக்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லையா?
ஒரு வாசகி, பண்டாரவளை

அன்புள்ள தங்கைக்கு,

அந்தச் சிவப்பு அழகுதான், கொஞ்சம் பொறாமைப்பட்டாலும் தப்பில்லை. குளிருக்கு முன் அந்த மரங்கள் இலையின் பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருந்ததுதான். சிவப்பை அப்போதுதான் புதிதாக உண்டாக்குகின்றன. நம் பக்கம் பகல் நீளமும் குளிரும் அவ்வளவாக மாறுவதில்லை, அதனால் எல்லா மரமும் ஒன்றாக உதிர்க்கத் தேவையில்லை. ஆனால் அதே வகைச் சிவப்பு இங்கே தளிரில் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் கீன மரங்கள் தளிர்விடும்போது போய்ப் பாருங்கள்.

சரி, “ஒரே பச்சை” என்று ஒரு ஹட்டன்காரர் எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பண்டாரவளையிலிருந்து எழுதலாமா? தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மலைக்கு மேற்கே எங்கள் பக்கம் கொட்டிவிட்டு, உங்கள் ஊவாவுக்கு வறண்ட கச்சான் காற்றாகத்தான் வந்து சேர்கிறது. (ஊவாத் தேயிலையின் அந்த வாசனைக்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.) ஆவணியில் உங்கள் மானாப்புல் மலைகள் காய்ந்து பழுத்துக் கிடக்கும், அங்கங்கே தீயும் பிடிக்கும். ஐப்பசியில் பின்னேர இடிமழை தொடங்கியதும் கருகிய இடத்திலேயே புல் துளிர்க்கும். கனடாவில் இலை உதிரும் அதே மாதத்தில்!

கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்த மழை என்றால் அட்டைக்கடியும் இடுப்பில் சுற்றிய நனைந்த படங்கும்தான். மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியதும் 2014 ஒக்டோபர் 29இல். ஐப்பசி மழையை வெறும் அழகு என்று எழுத எனக்குக் கை வராது.

அப்புறம் பறவைகள். தண்ணீர்ப் பீலியடியில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் மஞ்சள் வயிற்று வாலாட்டி வருடம் முழுக்க இங்கே இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அதைவிட அபூர்வமானது காஷ்மீர் ஈபிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் பறந்து நம் மலைகளுக்கு வருகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் பார்க்கலாம், காலையிலேயே போங்கள். பெண் பறவை சாம்பல் பழுப்பு, கண்ணில் படாது. தொண்டையும் நெஞ்சும் செங்கல் நிறத்தில், ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டிருக்கும் ஆணைத் தேடுங்கள். பார்த்தால் சித்தப்பா மகளுக்கும் ஒரு படம் அனுப்பிவிடுங்கள்.