பழைய காரும் பனி ஊரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் கனடாவில், ஒட்டாவா நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். 2010ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஒன்று மலிவாக வருகிறதென்று படம் அனுப்பியிருக்கிறான். "நம் வீட்டு அம்பாசடர் முப்பது வருஷம் ஓடவில்லையா, பழைய வண்டி என்றால் என்ன குறை?" என்கிறார்கள் அவனுடைய ஐயா, அதாவது என் மாமனார். எனக்கோ, அந்தக் குளிரில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பிள்ளை என்ன செய்வான் என்று கவலையாக இருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால், சூடேற்றிய காரேஜ் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த வண்டியை ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, அடிப்பாகத்தை வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

உங்கள் மாமனார் சொல்வது என்ஜினைப் பொறுத்தவரை சரிதான். எண்ணெய் ஒழுங்காக மாற்றப்பட்ட கொரோலா என்ஜின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் தேவகோட்டையில் அம்பாசடர் முப்பது ஆண்டு நின்றதற்கு, அது ஓடிய சாலையில் யாரும் உப்பைக் கொட்டவில்லை என்பதும் ஒரு காரணம். ஒட்டாவாவில் குளிர்காலம் நெடுகிலும் பனி இறுகிக் கண்ணாடிபோல் வழுக்காமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும். உப்பு கலந்த நீரோ அதற்குக் கீழேயும் நீராகவே இருந்து, சக்கரம் சுழலும் வேகத்தில் வண்டியின் அடியில் உள்ள ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்த் தங்கிவிடுகிறது. ஊறுகாய் ஜாடிக்குள் இரும்புக் கரண்டியைப் போட்டு வைக்கும் ஆச்சி நம் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த ஊர்க் கார்கள் நான்கைந்து மாதம் அந்த ஜாடிக்குள்தான் கிடக்கின்றன.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மான்ட்ரியலில் இருந்த ஒன்பது குளிர்காலங்களில் நான் ஓட்டிய முதல் கார் 12 ஆண்டுப் பழையது. வாங்கும்போது கதவுக்குக் கீழே ஓடும் பட்டைப் பகுதி பளபளவென்று இருந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். இரண்டாம் ஆண்டு மெக்கானிக் அதை லிஃப்டில் ஏற்றித் திருப்புளியின் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. திருப்புளியைத் திருப்பி முனையால் அழுத்தினார். அப்பளத்தில் விரல் போவதுபோல் உள்ளே போய்விட்டது. கையளவு துருச் செதிலும் அதை மறைக்க அப்பியிருந்த பட்டியும் என் காலடியில் உதிர்ந்தன. அதைவிட என்னைக் கலங்கடித்தது, பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய். பென்சிலைவிட மெல்லிய அந்த இரும்புக் குழாயைத் தடவியபோது விரலில் பிரேக் எண்ணெயின் ஈரம் ஒட்டியது. இன்னும் சில நாள் விட்டிருந்தால், அவசரமாகப் பிரேக்கை மிதித்த ஒரு நேரத்தில் அது வெடித்திருக்கும்.

ஆகவே உங்கள் மகன் பார்க்க வேண்டியவை பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், கதவுக்கு அடியில் உள்ள பகுதி, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் வந்து பொருந்தும் இடங்கள். கதவிலும் பானெட்டிலும் தெரியும் துரு அழகைத்தான் கெடுக்கும்; அடியில் உள்ள துருவோ உயிருக்கு உலை வைக்கும். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதைச் சிறப்பென்று எடுத்துக்கொள்ளாமல் சந்தேகிக்க வேண்டும். துருவின் மேல் அடித்த கெட்டிப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் பனி விழுமுன் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடச் சொல்லுங்கள்.

சூடேற்றிய காரேஜ் வேண்டாம் என்பேன். தாயின் மனம் அப்படித்தான் நினைக்கும் என்றாலும், உப்போடு வந்த வண்டியை இளஞ்சூட்டில் நிறுத்தினால் ஒட்டியிருக்கும் பனி உருகி உப்புநீராகி, துரு விரைந்து வளரும். வெளியே −20 டிகிரியில் நின்றால் அந்த வேதிவினை மந்தப்பட்டுக் கிடக்கும். அந்த வாடகைப் பணத்தில், குளிர் சற்றுத் தணியும் நாள்களில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவும் இடத்துக்குப் போய்வரட்டும்.

இனி, நடுவழியில் நின்றுவிடுமோ என்ற உங்கள் கவலை. பெரும்பாலும் வண்டி நடுவழியில் நிற்பதில்லை. காலையில் கிளம்புவதுதான் இல்லை. −18 டிகிரியில் பேட்டரியின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதே நேரத்தில் என்ஜின் எண்ணெய் தடித்துப்போவதால் செல்ஃப் மோட்டார் இன்னும் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. எனவே நான்கைந்து ஆண்டு கடந்த பேட்டரியை அக்டோபரிலேயே சோதித்து மாற்றிவிடுவது நல்லது. எண்ணெயில் அந்த என்ஜினுக்குச் சொல்லப்பட்ட 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ வகையே ஊற்ற வேண்டும். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. ரேடியேட்டரில், உறையாமல் காக்கும் திரவமான கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி என்ற கலவை சுமார் −37 டிகிரி வரை உறையாது. என்ஜினை மின்சாரத்தால் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் பொருத்தி, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போட்டால் போதும். இரவெல்லாம் எரியவிடத் தேவையில்லை.

குளிர்கால டயர், ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் போடச் சொல்லுங்கள், ஏனெனில் சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் அவன் ஒருநாளும் மறக்கக் கூடாது: பனி கொட்டிய காலையில் முதலில் புகைக்குழாயின் வாயை மூடியிருக்கும் பனியை அகற்றிவிட்டுத்தான் என்ஜினை ஓட விட வேண்டும். அடைபட்ட புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு காருக்குள் வந்தால் மணமே தெரியாமல் உயிரைக் குடித்துவிடும்.

கேள்வி: பேட்டரியில் இணைத்தால் கார் முழுவதையும் துருவிலிருந்து காக்கும் சிறு மின்கருவி ஒன்றைக் கனடாவில் உள்ள என் அண்ணனிடம் விற்கப் பார்க்கிறார்களாம். அது உண்மையில் வேலை செய்யுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கேள்வி சரியான ஊரிலிருந்து வந்திருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் ஊரில் ஆராய்ந்துவரும் பொருள்களில் உலோக அரிப்பும் ஒன்று. துரு என்பதே ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்பதால், மின்சாரத்தால் அதைத் தடுக்கும் முறை உண்மையிலேயே உண்டு. கடலில் மிதக்கும் கப்பலையும் மண்ணில் புதைந்த குழாயையும் அப்படித்தான் காக்கிறார்கள். ஆனால் அங்கே கடல்நீரோ ஈரமண்ணோ உலோகத்தை முழுவதும் சூழ்ந்து மின்சுற்றை நிறைவு செய்கிறது. கார் காற்றில் நிற்கிறது. சுற்று முடிவதற்கு வழியில்லை. அந்தப் பணத்துக்கு உங்கள் அண்ணன் எண்ணெய்ப் பூச்சு அடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: 1985ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசடரைப் பிள்ளைபோல் வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு வாரம் ஊட்டியில் தங்கக் குடும்பத்தோடு அதிலேயே போகலாமா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: போய்வாருங்கள், ஆனால் ரேடியேட்டரில் இருக்கும் வெறும் தண்ணீரோடு போகாதீர்கள். ஊட்டியில் ஜனவரி அதிகாலையில் உறைபனி விழும் நாள்கள் உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், அந்த விரிவுக்கு வார்ப்பிரும்பு என்ஜின் பிளாக்கும் ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும். பழைய துருத் தண்ணீரை வடித்து நன்றாக அலசிய பிறகு கூலன்ட் கலவை ஊற்றுங்கள். அது இனிக்கும் நஞ்சு. கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். காலையில் சோக்கை முழுவதும் இழுத்து என்ஜினைக் கிளப்பி, சூடேற ஏறச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்; பிரேக் எண்ணெயை மாற்றி இரண்டு ஆண்டு கடந்திருந்தால், மேட்டுப்பாளையம் தாண்டுவதற்கு முன் அல்ல, பள்ளத்தூரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.