திறந்த போத்தலும் கச்சான் காற்றும்

ஐயா, வணக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் கொஞ்சம் போர்ட் வைன் எடுப்போம். விலை குறைந்த, ரூபி எனப்படும் சிவப்பு வகைதான். முதல் நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் வாரம் பாணி மருந்து போலாகிவிட்டது. மலிவு என்றால் இப்படித்தானா? டோனி எனப்படும் வெளிர் நிற வகையை வாங்கட்டுமா? வைத்திருந்தால் ருசி கூடும் என்றார்கள், ஷோகேசில் இன்னும் இரண்டு போத்தல் இருக்கிறது. தங்கை பிள்ளை பெற்றிருக்கிறாள். இரத்தம் ஊறப் போர்ட் கொடுக்கச் சொல்கிறார் அம்மா.
– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

தங்கைக்குக் கொடுக்காதீர்கள். போர்ட்டில் சுமார் 20 வீதம் அல்ககோல். தாய் குடித்தால் பாலிலும் கலக்கும். இரத்தம் ஊற அதில் எதுவுமில்லை. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். அம்மா பாசத்தில்தான் சொல்கிறார், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

இனி வைன். விலையைத் திட்டாதீர்கள், பிழை உங்கள் வீட்டில். போர்த்துக்கலின் டோரு பள்ளத்தாக்கில், சாறு நொதித்துப் பாதிச் சீனி மிச்சமிருக்கும்போதே 77 வீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துகிறார்கள். இனிப்பும் சூடும் அப்படி வந்தவை. ரூபியை இரண்டு மூன்று வருடத்தில் வடிகட்டி அடைக்கிறார்கள், பழவாசம் புதிதாக இருக்கவேண்டும் என்பதற்காக. போத்தலுக்குள் அது இனி வளராது. ஷோகேசில் வைத்துப் பழக்குவது வீண் வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வீட்டு அலுமாரி 35 பாகையைத் தொடும். அந்த இரண்டையும் இன்றைக்கே எடுத்து இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

திறந்த போத்தலைப் பற்றித்தான் நான் சொல்லிச் சொல்லி அலுத்தது. இவ்வளவு அல்ககோலில் வினாகிரிக் கிருமி வளராது, அதனால் போர்ட் புளிக்காது. புளிக்காததால் கெடவில்லை என்று நம்பிவிடுகிறோம். காற்றுப்பட்ட ரூபியில் முதலில் போவது பழவாசம். அது போனபின் மிஞ்சுவது சீனியும் எரிவும். உங்கள் ‘பாணி மருந்து’ அதுதான். கணக்குப் பாருங்கள்: 750 மில்லியில் 60 மில்லிப்படி பன்னிரண்டு கிளாஸ். வாரத்தில் இரண்டு நாள் இருவர் குடித்தால் மூன்று வாரம் இழுக்கும். பிரிட்ஜில் வைத்தாலும் ரூபிக்குப் பத்து நாள் நல்ல ஆயுள். ஆகவே திறந்த அன்றே, 375 மில்லிச் சின்னப் போத்தலொன்றைக் கொதிநீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி பிரிட்ஜில் வையுங்கள். மேலே வெற்றிடம் இருக்கக்கூடாது. மற்றப் பாதியை முதலில் முடியுங்கள்.

ருசி பார்ப்பதும் பிரிட்ஜிலிருந்துதான். 14 பாகையளவில் நாவற்பழமும் கறுப்புச் செரியும் மணக்கும். 31 பாகையில் சாராய ஆவி மட்டும் மூக்கில் ஏறும். ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் போதும், நம் வெக்கை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முட்டிக் கிளாஸ் வேண்டாம், வாய் ஒடுங்கிய வைன் கிளாஸில் கால்வாசி. உறைப்புச் சாப்பாட்டோடு குடித்தால் தொண்டை எரியும். உப்பிட்ட கஜு, கறுப்புச் சொக்லேட் பொருந்தும். வட்டிலப்பத்தோடு குடித்தால் வைன் வெறும் தண்ணீராகத் தெரியும். 60 மில்லி என்பது ஏறக்குறைய 35 மில்லிச் சாராயத்துக்குச் சமம், ‘வைன்தானே’ என்று கிளாஸை நிரப்பாதீர்கள்.

டோனியா? வயது எழுதாத மலிவு டோனி பெரும்பாலும் ரூபியின் வயதுதான், நிறம் மட்டும் வெளிறியிருக்கும். ‘10 வருடம்’ என்று எழுதியிருந்தால் வாங்கலாம், திறந்தபின் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூட. எதை வாங்கினாலும் போத்தல் கழுத்தில் டோரு, போர்டோ வைன் நிறுவனத்தின் இலக்கமிட்ட முத்திரைத்தாள் இருக்கிறதா பாருங்கள். இல்லாதது போர்ட் அல்ல.

மிச்சமிருக்கும் பழைய அரைப் போத்தலைக் குடிக்க வேண்டாம். ஆட்டிறைச்சி வதக்கிய சட்டியில், அடுப்பை அணைத்துவிட்டு, 100 மில்லி ஊற்றுங்கள். பிறகு சிறு தீயில் பாதியாக வற்றவிடுங்கள். சீனி போடாதீர்கள்.