வர்க்கியைச் சாக்கு சொல்லாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பச்சை இலை அதிகம் வரும் மாதங்களில் ராத்திரி ஷிப்டும் உண்டு. கல்யாணத்துக்கு முன் என் கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. இப்போது ஒரு பக்கம் எழுதுவதற்குள் யாராவது அழுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமியார், ‘மத்தியானம் கொண்டுவந்து விடு’ என்பார். வர்க்கியும் டீயும் கொடுத்துக் கெடுத்துவிடுவார் என்று நான் விடுவதில்லை. ‘ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் இருந்து எழுதவில்லையா’ என்று தோழி கேட்கிறாள். பிள்ளைகள் வளரும்வரை எழுத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அப்படி நிறுத்தியவர்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன. அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்குப் பேனாவைத் தொட பயமாக இருக்கிறது.

தோழியின் பேச்சை விடுங்கள். ராஜம் கிருஷ்ணன் நம் மலையில் வாழ்ந்தார், படகர் வாழ்க்கையை நாவலாக்கினார், எல்லாம் சரி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளிடம் அவரைக் காட்டுவது நியாயமில்லை.

வர்க்கிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், என் கண் அங்கேயே நின்றுவிட்டது. மைதாவும் சர்க்கரையும்தான், தினமும் தின்னக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வயதுக்கு டீ வேண்டவே வேண்டாம். ‘அத்தை, சின்னவளுக்குப் பால் மட்டும் கொடுங்க’ என்றால் தீர்ந்தது. அதைச் சொல்லாமல் பிள்ளைகளையே ஏன் நிறுத்திவைத்தீர்கள்? கதை எழுதப்போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லக் கூச்சம். அவருக்குக் கடன்படவும் மனமில்லை. நாளைக்கு நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டிவிடுவாரோ என்று பயம். சொல்லிக்காட்டட்டுமே! யாருக்கும் கடன்படாமல் பிள்ளை வளர்த்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகளோடு இருப்பது பாட்டியின் உரிமை, நீங்கள் போடும் பிச்சை அல்ல. அதைத் தடுத்துவிட்டு, நேரமில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

வை.மு. கோதைநாயகிக்குத் தொடக்கத்தில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழிதான் எழுதிக் கொடுத்தார். முதல் நாடகம் அப்படி வந்ததுதான். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தினார், நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். பட்டம்மாளிடம் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்திருந்தால் அந்த முதல் நாடகமே வந்திருக்காது.

வாரத்தில் மூன்று நாள், பெரியவன் பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் போட்டு அத்தை வீட்டில் விடுங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ‘என்ன கதை?’ என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள், அவர் கேட்கக்கூடும். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி மடிக்கக் கூடாது. திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும். குடையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு வரிகூட வராத நாளிலும் அனுப்புங்கள்.

அப்புறம், உங்கள் கணவர். ராத்திரி ஷிப்ட் மாதங்களில் மனிதர் தூங்கட்டும். மற்ற மாதங்களில் விடுமுறை நாள் காலை முழுக்கப் பிள்ளைகள் அவர் பொறுப்பு. தகப்பன் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிப் பழக்காதீர்கள்.