வாசகர் கேள்வி – பதில்: விழுந்தவர் உடனே எழுந்து ஓட்டத்தான் வேண்டுமா?

பழைய டூர் டி பிரான்ஸ் படங்களில் வீரர்கள் துணித் தொப்பியோடு மலை இறங்குகிறார்கள். ஹெல்மெட் எப்போது கட்டாயமானது? வீரர்களே அதை எதிர்த்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்மைதான். யூ.சி.ஐ. எனப்படும் சர்வதேச சைக்கிள் ஓட்ட சம்மேளனம் 1991-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், சம்மேளனம் பின்வாங்கியது. அன்றைய ஹெல்மெட்டில் காற்றோட்டம் குறைவு. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் மலையேறுகிறவருக்கு அது எவ்வளவு வேதனை என்பதை நினைத்தால், அந்த எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ காஸர்தெல்லி, 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பிரெனீஸ் மலையின் போர்தே தாஸ்பே கணவாயில் இறங்கும்போது விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்கு வயது 24. தலையில் ஹெல்மெட் இல்லை. மறுநாள் மொத்தக் கூட்டமும் போட்டியிடாமல் மெதுவாக ஓட்டி, அவருடைய அணித் தோழர்களை முன்னே விட்டு எல்லைக்கோட்டைக் கடந்தது. விதி மட்டும் மாறவில்லை. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கஜகஸ்தானின் ஆந்திரேய் கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து மறுநாள் இறந்த பிறகுதான், மே மாதத்தில் அது கட்டாயமானது. அப்போதும், நீண்ட மலையேற்றத்தில் முடியும் பந்தயமாக இருந்தால் அடிவாரத்தில் கழற்றிவிடலாம் என்று ஒரு சலுகை இருந்தது. பின்னர் அதுவும் நீங்கியது.

கிரிக்கெட்டில் தலையில் பந்து பட்டால் மாற்று வீரர் வருகிறார். லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் ஆடியதை 2019-ல் பார்த்தோம். சைக்கிள் பந்தயத்தில் தலையில் அடிபட்டவரை யார் பரிசோதிக்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

2020 டூர் டி பிரான்ஸின் 13-ம் நாள் ஓட்டத்தில், ஒட்டுமொத்தப் பட்டியலில் நான்காம் இடத்தில் இருந்த பிரான்ஸ் வீரர் ரொமாங் பார்தே ஓர் இறக்கத்தில் விழுந்தார். எழுந்து நின்றவரின் கால்கள் தள்ளாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த எவராலும் மறக்க முடியாது. ஆனாலும் அவர் மீண்டும் சைக்கிளில் ஏறி, மிச்சமிருந்த மலைகளையெல்லாம் கடந்து, ஓட்டத்தை முடித்தார். அன்றிரவுதான் மூளை அதிர்ச்சி என்று உறுதியாகி அவர் விலகினார். பிற்பாடு எடுத்த ஸ்கேனில் மூளையில் சிறு ரத்தக்கசிவும் தெரிந்தது. இன்னொரு முறை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

அதற்குப் பின் யூ.சி.ஐ. 2021 முதல் ஒரு நடைமுறையை வகுத்தது. விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேருகிறவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, அணியின் மெக்கானிக்கோ சக வீரரோதான் என்பதால், அவர்களும் அறிகுறிகளை அடையாளம் காணப் பழக வேண்டும் என்கிறது அந்த நடைமுறை. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் நோயின் வேரை அது தொடவில்லை. கிரிக்கெட்டில் பரிசோதனைக்காக ஆட்டம் நிற்கும். சாலைப் பந்தயத்தில் நேரமே மதிப்பெண். விழுந்தவரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பரிசோதித்தால், கூட்டம் அதற்குள் ஏழெட்டு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். மூன்று வாரப் பந்தயத்துக்காக ஓராண்டு உழைத்தவரிடம், அதுவும் மூளை கலங்கியிருக்கும் அந்தக் கணத்தில், "ஓட்ட முடியுமா?" என்று கேட்டால் அவர் முடியும் என்றுதான் சொல்வார். அந்த முடிவை அவர் கையில் விடுவதே தவறு.

நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஏற்கெனவே கொடுக்கிறார்கள். சமதளத்தில் முடியும் ஓட்டங்களில், கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தவருக்கு அவர் எந்தக் கூட்டத்தோடு வந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே வழங்கப்படுகிறது. இப்போது சில ஓட்டங்களில் அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் வரை நீட்டவும் இடமுண்டு. அதே கொள்கையின்படி, தலையில் அடிபட்டவரை மருத்துவர் நிறுத்திப் பரிசோதித்த நேரத்தைக் கணக்கில் கழிக்கலாம். தனியாக வந்துகொண்டிருந்தவருக்கு எப்படிக் கணக்கிடுவது, பொய்யாக நிற்கிறவரை எப்படித் தடுப்பது என்பவை சிக்கலான கேள்விகள்தான். ஓர் உயிரின் முன் அவை சிறியவை.

விழுந்தவர் எங்கே என்றே தெரியாமல் போவது இதைவிடக் கொடுமை. 2024 செப்டம்பரில் சூரிச் நகரில் நடந்த உலகப் போட்டியில், மழையில் நனைந்த காட்டுப்பாதை இறக்கத்தில் விழுந்த 18 வயது சுவிஸ் வீராங்கனை மூரியல் ஃபூரர் நெடுநேரம் யார் கண்ணிலும் படவில்லை, மறுநாள் இறந்தார். உலகப் போட்டிகளில் வீரர்களுக்கு அணியோடு பேசும் ரேடியோ இல்லை. ஓராண்டுக்குள், 2025 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் ரொமாந்தி பெண்கள் பந்தயத்தில் ஜி.பி.எஸ். கருவியைச் சோதிக்க யூ.சி.ஐ. முற்பட்டபோது, அதைச் சுமக்கத் தங்கள் அணியில் ஒருவரின் பெயரைத் தர மறுத்த ஐந்து அணிகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. அணிகளைக் கலந்து பேசாததில் சம்மேளனத்தின் மீது தவறு இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தால், இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

வேகத்தைக் குறைக்கப் பெரிய கியர்களைத் தடை செய்யப் போகிறார்களாமே? அது விபத்தைக் குறைக்குமா?
– வாசகர், மதுரை

முன்னே பெடலோடு இணைந்த பல்சக்கரத்தில் 54 பல், பின்சக்கரத்தில் 11 பல் என்பதை உச்ச வரம்பாக வைத்து (பின்னே பல் குறைந்தால் கியர் பெரிதாகும்), 2025 அக்டோபரில் சீனாவின் குவாங்சி பந்தயத்தில் சோதிக்க யூ.சி.ஐ. திட்டமிட்டது. பின்சக்கரத்தில் 10 பல் கொண்ட கியரைத் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம், இது தன்னை மட்டும் பாதிக்கிறது என்று பெல்ஜியத்தின் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் சோதனையை நிறுத்திவைத்தது.

அந்த வரம்பில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய பத்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 110 சுற்று மிதித்தால் மணிக்கு 69 கிலோமீட்டர். சமதளத்தில் இதைத் தாண்டுவது அரிது. செங்குத்தான இறக்கத்திலோ மிதிக்காமலேயே 90-ஐத் தாண்டுகிறார்கள். அங்கே கியருக்கு வேலையே இல்லை. ஆகவே இதனால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை.

எலும்பை முறிப்பது பெரும்பாலும் பாதையும் தடுப்பு வேலியும்தான். 2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்தின் கத்தோவிட்சேயில், இறக்கத்தில் அமைந்த எல்லைக்கோட்டை நோக்கி மணிக்கு சுமார் 80 கிலோமீட்டரில் பாய்ந்தபோது, நெதர்லாந்து வீரர் டிலான் குரூனவேகன் வழியை மறித்ததால் அதே நாட்டின் ஃபாபியோ யாகோப்சன் வேலியில் மோதினார், வேலி சிதறியது. யாகோப்சனை மருத்துவர்கள் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. தடை நியாயம்தான்; ஆனால் இறக்கத்தில் எல்லைக்கோட்டை வரைந்ததும், மோதினால் கழன்று விழும் வேலியை நட்டதும் அவர் அல்லவே. யாகோப்சன் மறு ஆண்டே ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் மூன்று ஓட்டங்களையும், புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையையும் வென்றார்.

ஹேண்டில்பார் அகல விதியைப் பெண்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?
– வாசகி, ஈரோடு

காற்றைக் கிழித்துச் செல்வதற்காக ஹேண்டில்பார்கள் வரவரக் குறுகி, சைக்கிளின் கட்டுப்பாடு குறைகிறது என்பது யூ.சி.ஐ.யின் கவலை. அதனால் 2026 முதல் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குக் குறைந்தது 40 செ.மீ. இருக்க வேண்டும் என்று விதித்தது. பிரேக் பிடிகளுக்கு இடையே முதலில் 32 செ.மீ. என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 28 ஆகக் குறைத்தது. ஐந்தடி உயரமுள்ள, தோள் குறுகிய வீராங்கனைக்கு 36 அல்லது 38 செ.மீ. பாரே பொருந்தும், காற்றை ஏய்க்க அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் உடலின் அளவே அதுதான். அகலமான பாரில் கை விரிந்து தோளும் கழுத்தும் வலித்தால், பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த விதியே அவருடைய பிடியைத் தளர்த்திவிடும். தோள் அகலத்தை அளந்து அதற்கேற்ப அனுமதி வழங்கும் முறையை யூ.சி.ஐ. உடனே கொண்டுவர வேண்டும்.